நன்னெறியா, காப்புத்திறனா? பள்ளிப் பாடநூல்களில் இணையப் பாதுகாப்பு: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினிப் பாடநூல்களில் இணையப் பாதுகாப்பு ஓர் அலகாக இடம்பெற்றுள்ளது. அவ்வலகு மாணவரை எவ்விடத்தில் நிறுத்திப் பேசுகிறது, எத்தகைய சொற்களால் பேசுகிறது, அவர் அன்றாடம் எதிர்கொள்ளும் மோசடிகளுக்கு அது எந்த அளவு பயன்படுகிறது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பாதுகாப்பு ஒரு திறனாக அன்றி ஒழுக்கமாகக் கற்பிக்கப்படுவதும், கல்வி நிருவாகத்தின் நடைமுறைகளே பாடத்திற்கு முரணாக அமைவதும் சுட்டப்பெறுகின்றன. இத்திறனைக் கற்பிக்கும் இடம் கணினி வகுப்பைவிடத் தமிழ் வகுப்பாகவே இருக்கக்கூடும் என்ற கருத்தும் முன்வைக்கப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: இணையப் பாதுகாப்பு, எண்ணிம எழுத்தறிவு, பாடநூல் மொழி, கலைச்சொல், தனியுரிமை, சரிபார்ப்பு.

முன்னுரை

2018–19ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டின் பள்ளிப் பாடத்திட்டம் திருத்தப்பெற்றபோது பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் இறுதிப்பகுதியில் இரண்டு இயல்கள் அடுத்தடுத்து அமைந்தன. ஒன்று கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் பற்றியது. மற்றொன்று தமிழ்க் கணிமை பற்றியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாதவை போலவே எழுதப்பட்டுள்ளன. தமிழில் தட்டச்சிடவும் தேடவும் உள்ள வசதிகளைப் பின்னது சொல்கிறது. தமிழ் பேசும் மாணவர் இணையத்தில் எவ்வாறு ஏமாற்றப்படுவார் என்பது முன்னதன் கவலையாக இல்லை. தமிழில் எழுதப்பட்ட பாதுகாப்புப் பாடம் உண்டு. தமிழில் நிகழும் ஏமாற்று பற்றிய பாடம் இல்லை. இந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கத்திலேயே ஒரு வரையறை தேவை. மேற்குறித்த இயல் அனைத்து மாணவரையும் சென்றடைவதன்று. கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் போன்ற பாடங்களைக் கொண்ட பிரிவுகளில் சேர்ந்தோர் மட்டுமே அதனைப் படிப்பர். தாவரவியல், விலங்கியல் எடுத்தவரும், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவரும் அதனைக் காண்பதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் இறுதி அலகு காட்சித் தொடர்பியல் என்னும் பெயரில் ஸ்கிராட்ச் மென்பொருளை அறிமுகப்படுத்துகிறது. பூனையைத் திரையில் நகர்த்தக் கற்ற மாணவர் ஐயத்திற்குரிய இணைப்பு ஒன்றைக் கண்டால் என்ன செய்வது எனக் கற்றிருக்க வேண்டுவதில்லை. 2011 முதல் அரசு மடிக்கணினி வழங்கிய மாநிலம் இது. கருவி முன்னே சென்றது. கருவியைக் கையாளும் எச்சரிக்கை பதினொன்றாம் வகுப்பின் ஒரு பிரிவில், நூலின் கடைசிப் பக்கங்களில், பெரும்பாலும் தேர்வு நெருங்கும் காலத்தில் வந்து சேர்கிறது.

பாடம் யாரை நோக்கிப் பேசுகிறது?

எந்தப் பனுவலிலும் அது கற்பனை செய்துகொள்ளும் வாசகர் ஒருவர் உண்டு. இவ்வியலின் வாசகர் யார் எனக் கேட்டால் இருவர் தென்படுகின்றனர், இருவரும் ஒருவரல்லர்.

இயல் நன்னெறியில் தொடங்குகிறது. நேர்மை, பிறரை மதித்தல், மந்தணம் காத்தல், பொறுப்புடைமை, சட்டத்திற்குப் பணிதல் ஆகிய பண்புகள் முதலில் வைக்கப்படுகின்றன. மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்தல், பிறர் கணினியில் அத்துமீறி நுழைதல் ஆகியன தவறு என்பது அடுத்துக் கூறப்படுகிறது. இங்கு மாணவர், குற்றம் செய்யக்கூடியவர். பின்னர் நச்சுநிரல், உளவுநிரல், பணயநிரல், தூண்டில் மோசடி ஆகியன வரையறுக்கப்படுகின்றன. இங்கு மாணவர், குற்றத்திற்கு ஆளாகக்கூடியவர். இறுதியில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 வருகிறது. குற்றவாளியாகலாம் என எச்சரிக்கப்பட்டவரும் பாதிக்கப்படலாம் என எச்சரிக்கப்பட்டவரும் ஒரே இருக்கையில் அமர்த்தப்பட்டுவிடுகின்றனர்.

இது வெறும் அமைப்புக் குறையன்று. பதினாறு வயது மாணவி ஒருத்தியின் படத்தை யாரோ திரித்து அவளை மிரட்டுவதாகக் கொள்வோம். அவள் கற்ற பாடம் ஒழுக்கத்தில் தொடங்கியது. இணையத்தில் தீங்கு நேர்ந்தால் தன் நடத்தையில் எங்கோ பிழை இருந்திருக்கும் என்ற எண்ணம் அவளுக்குள் முன்னரே விதைக்கப்பட்டுவிட்டது. வீட்டில் சொன்னால் முதலில் நிகழ்வது கைப்பேசி பறிக்கப்படுவது. சில வீடுகளில் படிப்பே நிறுத்தப்படுவது. எனவே அவள் சொல்வதில்லை. மிரட்டுபவரின் வலிமை தொழில்நுட்பத்தில் இல்லை. அவள் சொல்லமாட்டாள் என்ற உறுதியில் இருக்கிறது. அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66உ (66E) பிரிவு ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளின் படத்தை அவர் ஒப்புதலின்றி எடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. 67ஆ பிரிவு குழந்தைகளைப் பாலியல் முறையில் காட்டும் உள்ளடக்கத்தைத் தண்டிக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் துணைநிற்கிறது. இவை அவளைக் காக்கும் சட்டங்கள். சட்டம் என்ற தலைப்பு மாணவர் ‘செய்யக்கூடாதவை’யின் தொடர்ச்சியாக வரும்போது அது காவலாகத் தோன்றுவதில்லை, தண்டனையாகவே தோன்றுகிறது.

குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, இணைய நிதிமோசடிகளுக்கான 1930 ஆகியவற்றுள் இறுதியானது 2018இல் உருவான நூலில் இடம்பெற வாய்ப்பே இல்லை. அது அதற்குப் பின்னர் வந்தது. இது நூலாசிரியர்களின் குற்றமன்று. ஆயினும் ஆறேழு ஆண்டுகள் ஒரே வடிவில் நிற்கும் பாடநூல், மாதந்தோறும் உருமாறும் மோசடிக்கு ஏற்ற ஊடகம்தானா என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

பெயர்ச்சொற்களால் ஆன பாடம்

பாதுகாப்புப் பாடத்தின் மொழி பெரும்பாலும் பெயர்ச்சொற்களின் மொழி. இன்னது இன்னதெனப்படும் என்னும் வாய்பாட்டில் ஒவ்வொரு தீங்கும் ஒரு பெயரும் ஓர் இலக்கணமும் பெறுகிறது. ஒரு மதிப்பெண் வினாவிற்கு இது மிகவும் ஏற்றது. நச்சுநிரலுக்கும் கணினிப் புழுவுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதத் தெரிந்த மாணவர் தேர்வில் வெல்வார். ஆனால் தீங்கு வரும்போது பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அப்போது எழும் கேள்விகள் வினைச்சொற்களால் ஆனவை: தொடலாமா, கொடுக்கலாமா, யாரிடம் கேட்பது, எதை முதலில் நிறுத்துவது? இவ்வினைகளுக்குப் பயிற்சி தராத பாடம் அகராதியாக நிற்கிறது.

கலைச்சொற்களின் தரத்தையும் நோக்கவேண்டும். தமிழ்க் கணினிச் சொல்லாக்கத்தில் நல்ல பேறுகள் பல உண்டு. கடவுச்சொல் அவற்றுள் ஒன்று. இலங்கைத் தமிழில் கடவுச்சீட்டு வழக்கில் இருப்பதால் அங்கு அச்சொல் கடந்து செல்ல உரிமை தருவது என்ற பொருளை உடனே தருகிறது. தமிழ்நாட்டிலும் அது வேரூன்றிவிட்டது. தீம்பொருள், பணயநிரல் ஆகியன சொல்லிலேயே விளக்கத்தைக் கொண்டவை. தூண்டில் என்னும் உருவகம் தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் சூது அதிகாரம் தூண்டிலை விழுங்கும் மீனை உவமையாகக் கொண்டே தொடங்குகிறது. ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து ஃபிஷிங் என எழுதினால் மாணவர் இழப்பது ஒரு சொல்லை மட்டுமன்று. இரை முதலில் ஆதாயமாகத் தோன்றும் என்ற அறிவையும்தான்.

மறுபுறம், தீச்சுவர் போன்ற ஆக்கங்கள் உண்டு. கட்டடங்களில் தீ பரவாமல் தடுக்கும் சுவர் என்ற மூலப்பொருளை அறியாத மாணவர் அதனை எரியும் சுவராகவே கற்பனை செய்வார். தீயரண் சற்றே மேம்பட்டது; வெறும் அரண் என்றிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

இவற்றினும் பெரிய சிக்கல் தனியுரிமை என்ற சொல்லில் உள்ளது. தனியுரிம மென்பொருள் என்றால் ஒரு நிறுவனம் தன் உடைமையாக வைத்திருக்கும் மென்பொருள். தனியுரிமை என்றால் ஒருவர் தம் வாழ்வையும் தகவல்களையும் பிறர் தலையீடின்றி வைத்திருக்கும் உரிமை. ஒரே பாடநூலில், சில பக்க இடைவெளியில், ஏறத்தாழ ஒரே சொல் ஒன்றுக்கொன்று எதிரான இரு நலன்களைக் குறிக்க நேர்கிறது: நிறுவனத்தின் ஏகபோகத்தையும் தனிமனிதரின் காப்பையும். மாற்றாகப் பயன்படும் அந்தரங்கம் என்ற சொல்லோ வார இதழ்களின் கேள்வி–பதில் பகுதிகளால் வேறொரு நிறம் பெற்றுவிட்டது. ஆசிரியர் அதனை வகுப்பில் உச்சரித்தால் பின்வரிசையில் சிரிப்பு எழும். மந்தணம் தூயது, ஆனால் அரசுக் கோப்புகளின் உறையில் மட்டும் வாழ்வது. உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று அடிப்படை உரிமை என அறிவித்த ஒன்றிற்கு ஒரு பதின்பருவ வகுப்பறையில் கூச்சமின்றிச் சொல்லத்தக்க தமிழ்ச்சொல் இன்னும் நிலைபெறவில்லை. சொல் இல்லாதபோது உரிமையைக் கோருவதும் கடினமாகிறது. “என் தகவல் உங்களுக்கு எதற்கு?” என்ற எளிய வாக்கியம் இவ்விடத்தில் எல்லாக் கலைச்சொற்களையும்விடப் பயன் மிக்கது, அதுவும் எந்தப் பாடத்திலும் இல்லை.

பிறந்த தேதி என்னும் கடவுச்சொல்

கடவுச்சொல்லாகப் பிறந்த தேதியை வைத்தல் ஆகாது என்பது பாதுகாப்பு அறிவுரைகளில் தவறாது இடம்பெறுவது. அதே மாணவர் மே மாதத்தில் தம் தேர்வு முடிவைக் காணப் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் இட்டு நுழைகிறார். அரசுத் தேர்வுத் துறை அத்தேதியை ஒரு மறைவுத் திறவுகோலாகக் கொள்கிறது. பள்ளியோ அதனை வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், போட்டிகளுக்கான விண்ணப்பம் என எங்கும் எழுதுகிறது. வகுப்புத் தோழர் அனைவரும் அந்நாளில் மிட்டாய் பெற்றவர்கள். ஒருவரது மதிப்பெண்ணை அவர் அறியாமலே தெருவில் உள்ள எவரும் பார்த்துவிடக் கூடிய இந்நிலை பல்லாண்டாக எவர்க்கும் வியப்பாக இல்லை. பாடநூல் ஒன்றைச் சொல்ல நிருவாகம் அதற்கு மாறானதை ஆண்டுதோறும் செய்துகாட்டுகிறது. இரண்டில் எது மாணவர் மனத்தில் பதியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடவுச்சொல் பற்றிய அறிவுரையும் பழையதாகிவிட்டது. பேரெழுத்து, எண், சிறப்புக்குறி ஆகியவற்றைக் கலந்து எழுதுக, அடிக்கடி மாற்றுக என்னும் விதிகள் அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் வகுத்த வழிகாட்டியால் உலகெங்கும் பரவியவை. அதே நிறுவனம் 2017இல் அவற்றைக் கைவிட்டது. கட்டாயக் கலவை விதிகள் மனிதரை எளிதில் ஊகிக்கத்தக்க உத்திகளுக்கே தள்ளுகின்றன. நீளமே வலிமை தருகிறது. கசிந்ததற்கான சான்று இருந்தாலன்றி மாற்றத் தேவையில்லை என்பன புதிய நிலைப்பாடு. முதல் வழிகாட்டியை எழுதிய பில் பர் அதற்காக வருந்துவதாகவும் அவ்வாண்டில் தெரிவித்தார். பள்ளிச் சுவரொட்டிகளிலும் விழிப்புணர்வு உரைகளிலும் பழைய விதிகளே இன்றும் ஒலிக்கின்றன.

தமிழ் மாணவருக்கு இம்மாற்றம் கூடுதல் பொருளுடையது. தொடர்பற்ற நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் கிடைக்கும் நீண்ட தொடர், நினைவில் எளிதாக நிற்கும், ஊகிக்க அரிதாகும். பாட்டியின் சமையலறையிலிருந்து ஒரு சொல், வயலிலிருந்து ஒன்று, விளையாட்டிலிருந்து ஒன்று, தெருவிலிருந்து ஒன்று என எடுக்கச் சொன்னால் ஒரு வகுப்பே மகிழ்ந்து செய்யும். நேரடியாகத் தமிழ் எழுத்தில் கடவுச்சொல் அமைப்பதில் ஒரு நுட்பச் சிக்கல் உண்டு. ஒகர உயிர்மெய்யை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலும் எனப் பிரித்து இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சேவையின் மென்பொருள் அவற்றை இயல்பாக்கம் செய்யாவிட்டால் வேறொரு விசைப்பலகையில் அதே சொல்லை அடித்தும் கதவு திறக்காது. காலும் ரகரமும், உகரமும் தமிழ் எண் இரண்டும் திரையில் ஒத்துத் தோன்றுவதும் இவ்வகையினதே; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் எனத் தமிழிலேயே இணைய முகவரிகள் அமையத்தக்க காலத்தில், போலி முகவரியைக் கண்டறியத் தமிழ் நெடுங்கணக்கின் வரிவடிவ அறிவும் ஒரு காப்பு. அடுத்தடுத்து அமைந்தும் உறவின்றி நிற்கும் அவ்விரு இயல்களும் சந்தித்திருக்க வேண்டிய இடம் இதுவே.

தமிழில் வரும் அழைப்பு

கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று கூறிப் பெற்றோரை அழைத்து ஏமாற்றும் மோசடி பற்றித் தமிழ்நாட்டுக் காவல்துறை எச்சரித்துள்ளது. அதன் அமைப்பைப் பிரித்துப் பார்ப்பது, எந்த வரையறையையும்விடப் பயன் தரும். அழைப்பவர் கல்வித்துறை அலுவலர் போலத் தமிழில் பேசுகிறார். பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு ஆகியவற்றைச் சரியாகச் சொல்கிறார். தொகையை வரவு வைக்க வேண்டும் என்று கூறி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்புகிறார். பெற்றோர் அதனை வருடிக் கடவெண்ணை இடுகின்றனர். வரவு வரவில்லை, இருப்பு போகிறது.

இங்கு நச்சுநிரல் இல்லை, போலி வலைத்தளம் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. பாடநூல் வரைந்து காட்டும் தூண்டில் மோசடி பெரும்பாலும் மின்னஞ்சலில் வருவது; தமிழ்நாட்டுச் சிற்றூர் வீடுகளில் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பவர் அரியர். இம்மோசடியை முறிக்க ஒரே ஓர் உண்மை போதும்: யூபிஐ முறையில் பணம் பெறுவதற்குக் கடவெண் தேவையில்லை, கடவெண் கேட்கப்பட்டால் பணம் வெளியே போகிறது. இவ்வொரு வாக்கியத்தை ஆறாம் வகுப்பு மாணவர் வீட்டிற்கு எடுத்துச் சென்றிருந்தால் தடுக்கத்தக்க இழப்பு அது.

எழுத்துப்பிழை இருந்தால் போலி எனக் கொள்க என்பது விழிப்புணர்வுப் பட்டியல்களில் நெடுங்காலமாக நிற்கும் மற்றோர் அறிவுரை. தமிழ்வழி மாணவருக்கு ஆங்கிலச் செய்தியில் பிழை காணும் வாய்ப்பு முன்னரே குறைவு. தமிழ்ச் செய்தியிலோ நிலைமை நகைப்பிற்குரியது: வங்கிகளும் துறைகளும் அனுப்பும் உண்மையான தமிழ்க் குறுஞ்செய்திகளில் சந்திப்பிழையும் இயந்திர மொழிபெயர்ப்பின் திருகலும் மலிந்திருக்க, செய்யறிவுக் கருவிகளின் துணையால் மோசடியாளர் பிழையற்ற தமிழ் எழுதுகின்றனர். அறிவுரையை நம்பிய மாணவர் மெய்யைத் தள்ளிப் பொய்யைக் கொள்வார்.

ஓடிபியை எவரிடமும் சொல்லாதே என்னும் விதியும் இத்தகையதே. சமையல் எரிவாயு உருளை வரும்போது குறியீட்டெண்ணைச் சொன்னால்தான் உருளை கிடைக்கும். இணையவழி வாங்கிய பொருளுக்கும் பலநேரம் அவ்வாறே. வீட்டில் குறுஞ்செய்தியை வாசித்து எண்ணைச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பிள்ளை. ஒருகாலத்தில் தெருவுக்கே கடிதம் படித்துக் காட்டிய சிறுவரின் இடத்தில் இன்று அவர் இருக்கிறார். அம்மாவின் கைப்பேசி உண்மையில் அவர் கையில் இயங்குகிறது. விதிவிலக்கைத் தினமும் காண்பவருக்கு விதி தளர்ந்துவிடும். விதியின் காரணத்தைச் சொன்னால் தளராது: தொடர்பைத் தொடங்கியவர் யார், நாம் எதிர்பார்த்த ஒன்றிற்காக எண் வந்ததா, அவ்வெண்ணுடன் வந்த செய்தி எதற்கு ஒப்புதல் கேட்கிறது? எண்ணை மட்டும் படிக்காமல் முழுச் செய்தியையும் படித்தல் என்பது கணினிப் பயிற்சியன்று, வாசிப்புப் பயிற்சி.

ஒற்றாடலும் சரிபார்ப்பும்

திருக்குறளில் எல்லாம் உண்டு எனக் காட்டும் கட்டுரைகள் தமிழாய்வில் ஏற்கெனவே மிகுதி. மேலாண்மையும் மருத்துவமும் கண்டவர்கள் இணையப் பாதுகாப்பையும் காண்பதற்கு நெடுநாள் ஆகாது. அவ்வழியில் செல்வது இங்கு நோக்கமன்று. எனினும் ஒற்றாடல் அதிகாரத்தின் 588, 589ஆம் குறள்கள் அறிவின் நம்பகம் குறித்து எழுப்பும் சிக்கல் வகுப்பறைக்கு உரியது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனால் ஒப்பிட்டே கொள்ளவேண்டும். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு இருத்தல் வேண்டும் என்பது அவற்றின் கருத்து. இரண்டாவது நிபந்தனையே உயிரானது. ஒரே செய்தி ஐந்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்தால் ஐந்து சான்றுகள் என மாணவர் எண்ணுகிறார். ஐந்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருப்பின் அது ஒரு சான்றே. அழைத்தவர் தந்த எண்ணிலேயே திரும்ப அழைத்துச் சரிபார்ப்பதும் இவ்வகைப் பிழை: ஒற்றனையே கேட்டு ஒற்றனை உறுதிசெய்தல்.

ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் முதலியோர் நிகழ்த்திய ஆய்வுகளில் தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்கள் ஒரு பக்கத்தினுள்ளேயே ஆழ்ந்து படிக்காமல் விரைவில் அதைவிட்டு வெளியேறி, அதனைப் பற்றிப் பிறர் என்ன சொல்கின்றனர் எனத் தேடுவது கண்டறியப்பட்டது. வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தின் தோற்றத்தில் மயங்கி நின்றனர். கவனமாகப் படி என்று மட்டும் கற்பிப்பது போதாது. எப்போது படிப்பதை நிறுத்தி வெளியே செல்வது என்பதும் கற்பிக்கத்தக்கது.

அண்டை மாநிலமான கேரளம் இத்திசையில் சில படிகள் முன்னே சென்றுள்ளது. அங்குப் பள்ளி மாணவரைக் கொண்ட லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் 2018 முதல் இயங்குகின்றன. பொய்ச்செய்தியை இனங்காணும் பயிற்சி சத்யமேவ ஜயதே என்னும் திட்டமாக நடத்தப்பெற்றது. 2024இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்ப நூல்களிலேயே உண்மைச் சரிபார்ப்பு இடம்பெற்றது. அங்கு அப்பாடம் விருப்பப்பிரிவன்று, கீழ்வகுப்பிலேயே எல்லார்க்கும் உரியது என்பதே தமிழ்நாடு நோக்கவேண்டிய வேறுபாடு. ஆறாம் வகுப்பு முதல் கணினிக்குத் தனிப்பாடமும் ஆசிரியர் பணியிடமும் வேண்டும் எனக் கணினி அறிவியலில் கல்வியியல் பட்டம் பெற்றோர் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகக் கோரிவருகின்றனர்.

காப்பவர் கசியவிடும்போது

2018ஆம் ஆண்டுப் பாடநூல்களின் பக்கங்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பெற்றன. அவை நடுவண் அரசின் தீக்‌ஷா தளத்திற்கு இட்டுச் செல்வன. இணையப் பாதுகாப்பு இயலும் இதற்கு விலக்கன்று. கண்டதும் வருடு என்னும் பழக்கத்தைப் பாடநூலே பயிற்றுவித்தது. எதை வருடுகிறோம் என்று கேட்கும் பழக்கத்தை அது பயிற்றுவிக்கவில்லை. குறியீட்டின் கீழ் உள்ள ஆறு எழுத்தெண்களைச் செயலியில் தட்டியும் அதே இடத்திற்குச் செல்லலாம் என்பதை விளக்கி, குறியீடு என்பது மறைத்து எழுதப்பட்ட ஒரு முகவரி மட்டுமே என உணர்த்த அது நல்ல வாய்ப்பாக இருந்தது.

தீக்‌ஷாவின் கதை அத்துடன் முடியவில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளின் 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து 2022 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, தீக்‌ஷா செயலி மாணவரின் துல்லியமான இருப்பிடத்தைத் திரட்டவல்லதாக இருந்தது எனச் சுட்டியது. 2023 ஜனவரியில் வயர்டு இதழ், அத்தளத்தின் தரவுகள் காப்பற்ற சேமிப்பகம் ஒன்றில் ஓராண்டிற்கும் மேலாகத் திறந்து கிடந்ததை வெளிப்படுத்தியது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியனவும், ஏறத்தாழ ஆறு இலட்சம் மாணவர்களைப் பற்றிய தகவல்களும் அவற்றுள் அடங்கும்.

உதவித்தொகை மோசடியில் அழைப்பவர் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் எங்கிருந்து அறிந்தார் என்பது ஒவ்வொரு நேர்விலும் தனித்து விசாரிக்கப்படவேண்டியது. இக்கசிவோடு அதனை முடிச்சிடுவது முறையாகாது. ஆனால் மாணவர் தரவு வெளியில் உலவும் ஒரு சூழலில் ‘விழிப்பாயிரு’ என்று மாணவரை நோக்கி மட்டும் சொல்வது நேர்மையான கல்வியாகாது. எண்ணிம எழுத்தறிவு என்ற பெயரில் நிறுவனத்தின் கடமை சத்தமின்றிக் குழந்தையின் தோளுக்கு மாற்றப்படுகிறது. நன்னெறி இயல் மந்தணம் காத்தலை மாணவருக்கு உரைக்கிறது. மாணவரைப் பற்றிய மந்தணத்தைப் பள்ளி எவ்வாறு காக்கவேண்டும் என்பதை மாணவர் அறியத் தருவதில்லை.

2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலை வேண்டுகிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பெற்ற விதிகள், கற்பித்தலுக்கும் பாதுகாப்பிற்கும் எனில் கல்வி நிறுவனங்களுக்குக் கண்காணிப்புத் தடையிலிருந்து விலக்களிக்கின்றன. குழந்தையின் தரவு மிகுதியாகத் திரளும் இடத்திற்கே விலக்கு. பெற்றோர் ஒப்புதல் என்பதோ நடைமுறையில் அம்மாவின் கைப்பேசிக்கு வரும் ஓர் எண். அதனைப் படித்து இடுபவர் யார் என்பது மேலே சொல்லப்பட்டது.

படிவம் நிரப்புதல்

1990களின் அறிவொளி இயக்கம் கைநாட்டு வைத்தவர்களைக் கையெழுத்திட வைத்தது. எதில் கையெழுத்திடுகிறோம் என்று படித்தறிவது அவ்வியக்கத்தின் உள்ளார்ந்த நோக்கமாக இருந்தது. இன்று பட்டம் பெற்றவரும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானைப் படிக்காமல் அழுத்துகிறார். எழுத்தறிவு பெற்ற தலைமுறை கைநாட்டிற்குத் திரும்பியிருக்கிறது. இம்முறை மை மட்டும் இல்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் படிவம் நிரப்புதல் ஒரு தேர்வு வினா. நூலக உறுப்பினர் படிவம், மேல்நிலை வகுப்புச் சேர்க்கைப் படிவம் போன்றவை தரப்படும். பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் என எல்லாக் கட்டங்களையும் நிரப்பியவருக்கு முழு மதிப்பெண். காலியாக விட்ட கட்டத்திற்கு மதிப்பெண் குறையும். மாநிலத்தின் எல்லா மாணவரும், எப்பிரிவில் பின்னர் சேர்ந்தாலும், கட்டாயமாகக் கடந்து செல்லும் ஒரே தரவுப் பயிற்சி இதுதான். கேட்கப்பட்டதனைத்தையும் கொடுத்துவிடு என்பதே அது தரும் பயிற்சி.

இவ்வினாவைத் திருத்தப் புதிய ஆய்வகமோ ஆசிரியர் பணியிடமோ தேவையில்லை. நூலகப் படிவம் ஒன்றில் தந்தையின் ஆண்டு வருமானத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கேட்கும் இரு கட்டங்களைச் சேர்த்தால் போதும். அவற்றை வெறுமையாக விட்டு, நூல் இரவல் பெற அவை ஏன் வேண்டப்படுகின்றன என ஓரிரு வரியில் எழுதிக் கேட்கும் மாணவருக்கு மதிப்பெண் வழங்கலாம். விடைக்குறிப்பில் அதற்கு இடம் ஒதுக்குவது அரசுத் தேர்வுத் துறையின் கையில் இருக்கிறது. மாணவரின் மதிப்பெண்ணைப் பிறந்த தேதியைக் கொண்டு திறக்கும் அதே துறையின் கையில்.